கீழ்ப் படுக்கை யாருக்கு?

நடுவர் அவர்களே! உறவை வளர்ப்பது வீடா, பயணமா? பயணமே என்பேன் நான்!

காசி யாத்திரைக் கூட்டத்தைப் பாருங்கள். திருச்சி ஜங்ஷனில் பாதிப்பேர், ஸ்ரீரங்கத்தில் மீதிப்பேர். கொள்ளிடப் பாலம் தாண்டும் வரை யாரோ, எவரோ! சென்னையில் வண்டி மாறி, 2,000 கிலோமீட்டருக்கு மேல் போகணும். ஸ்லீப்பர் பெட்டியில் ஒரு தடுப்புக்கு 8 படுக்கை. கீழ்ப் படுக்கை மூன்றே மூன்று. ஏறியிருக்கும் எட்டுப் பேருமே அறுபதைத் தாண்டியவர்கள்!

"உங்களுக்கு மூட்டுவலி, கீழே படுங்கம்மா. எனக்கு அறுபத்திரண்டுதானே, மேலே ஏறிக்கிறேன்" என்கிறாரே ஒருவர், அவர் என்ன சொந்தமா, பந்தமா?

மாடி வீடு கட்டிய மகனைக் கேட்கிறேன்: பெற்ற தாய்க்குக் கீழ் அறையை விட்டுக்கொடுத்தாயா? விட்டுக்கொடுப்பதுதானய்யா உறவு! அதைக் கற்றுத் தருவது பயணமே!