முனைவர் பட்டத்திற்குப் பின்…

   

நம் பிள்ளை ஒருவர் முனைவர் பட்டம் பெற்றால் சால்வை போர்த்திப் பாராட்டுகிறோம். அடுத்த மாதமே, "இன்னும் எவ்வளவு காலம் படிப்பு?" என்றும் கேட்டுவிடுகிறோம். பெண்பிள்ளையாயின் அக்கேள்வி இன்னும் கடுமையாகிறது. பட்டத்திற்குப் பின் பல்கலைக்கழகங்களில் மேற்கொள்ளும் ஆய்வுப் பணி, அதாவது 'போஸ்ட் டாக்', படிப்பின் நீட்சியன்று. ஊதியமோ உதவித்தொகையோ உள்ள பணியாகும். அறிவியல் துறைகளில் பேராசிரியராக உயர்வோர் பெரும்பாலும் இவ்வழியே செல்கின்றனர்.

இவ்வாய்ப்பு காத்திருப்பதில்லை என்பதை நாம் உணர வேண்டும். நம் நாட்டில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வழங்கும் 2 ஆண்டு உதவித்தொகைக்கு வயது வரம்பு 35. பெண்களுக்கு 5 ஆண்டுத் தளர்வு உண்டு. ஜெர்மனியின் ஹும்போல்ட் அறக்கட்டளையோ, பட்டம் பெற்று 4 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என நாம் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் இக்கணக்கில் கழிகிறது.

இவ்விரண்டிற்கும், ஆய்வுக்கு இடமளிக்க ஒரு பேராசிரியர் முன்னதாகவே இசைவு தர வேண்டும். எனவே முதல் வேலை படிவம் நிரப்புவதன்று, கடிதம் எழுதுவதே. ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவதால் பயனில்லை. அப்பேராசிரியரின் அண்மைக் கட்டுரைகளைப் படித்து, அவற்றில் எந்த வினா நம்மை ஈர்த்தது, நாம் கற்ற எந்த ஆய்வுமுறை அவருக்குப் பயன்படும், எப்போது பணியில் சேர இயலும் என்பவற்றை ஒரு பக்கத்திற்குள் எழுத வேண்டும். தன்விவரக் குறிப்பையும் கட்டுரைப் பட்டியலையும் இணைக்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் தரவிருக்கும் ஆசிரியர்களிடம் ஆய்வுத் திட்டத்தின் வரைவை முன்கூட்டியே கொடுத்தால், அவர்கள் பொதுவாகப் புகழாமல் குறிப்பாக எழுதுவர். இரண்டு வாரங்களில் பதில் வராவிடில், பணிவுடன் ஒருமுறை நினைவூட்டலாம்.

மறுப்பு வந்தால் மனம் தளரலாகாது. துருக்கியின் சவூர் என்னும் சிற்றூரில் பிறந்த அஸீஸ் சன்ஜார், 1977இல் அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றபின் மூன்று இடங்களில் இத்தகைய பணிக்கு முயன்றார், மூன்றும் கைகூடவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பப் பணியாளராகச் சேர்ந்து, டி.என்.ஏ. பழுது நீக்கம் பற்றிய ஆய்வைத் தொடர்ந்தார். அதே துறைக்காக 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பெருமக்களே! விண்ணப்பித்துக் காத்திருக்கும் மாதங்களில் பிள்ளைகளுக்குத் தேவை, வீட்டின் பொறுமையே. திருமணமான மகளெனில், கணவரும் குழந்தைகளும் உடன்செல்வதற்கு ஹும்போல்ட் அறக்கட்டளை உதவுகிறது என்பதையும் அறிந்து முடிவெடுப்போம். வெளியூர்ப் பல்கலைக்கழகங்களில் பணிபுரியும் நம் மஹல்லாவாசிகள், இளையோரின் கடித வரைவுகளைப் படித்துத் திருத்தித் தர முன்வர வேண்டும். பணச் செலவில்லாத இவ்வுதவி, ஒரு பிள்ளையின் வாழ்வையே மாற்றக்கூடும். வாய்ப்பின் கதவு திறந்திருக்கும்போதே பிள்ளைகளை அனுப்பிவைப்போம்.