அப்பா விட்ட ஒரு வார்த்தை



1963-இல் வந்த ‘இரத்தத் திலகம்’ படத்தில் சிவாஜியும் சாவித்திரியும் மேடையேறி நடித்த ஒத்தெல்லோவைப் பெரியவங்க மறந்திருக்க மாட்டாங்க. 2013-இல் நம் சிங்கப்பூர் ஃபோர்ட் கேனிங் பூங்காவிலும் ஷேக்ஸ்பியரின் அந்நாடகம் நடந்தது.

கறுப்பன் மருமகனா? மந்திரம் வைத்து மயக்கிவிட்டான் என்று சபையில் கத்துகிறார் பெண்ணைப் பெற்றவர். (சாதி கேட்டுச் சம்பந்தம் பேசும் நாம் சிரிக்க வேண்டாம்!) பெற்றவனையே ஏய்த்தவள், கட்டினவனை ஏய்க்க மாட்டாளா என்று மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தையும் விட்டுப் போகிறார். கோள்மூட்டி இயாகோ பின்னால் கையில் எடுத்தது இதே வார்த்தையைத்தான். கைக்குட்டைச் சூழ்ச்சியெல்லாம் அப்புறம். பெற்ற வாய் சொன்னதாச்சே, ஒத்தெல்லோ நம்பிவிட்டான். பாவம் அறியாத தெஸ்டிமோனாவைக் கட்டிலிலேயே கொன்றான்.

அந்தச் சேதி கேட்க அப்பா இல்லை. மகள் கல்யாண ஏக்கத்திலேயே கண்ணை மூடியிருந்தார்.