பொறந்தப்பவே ஊசி போட்டாச்சே, அப்புறம் எப்படி?

மாமல்லபுரத்துக்குப் பக்கத்துல ஒரு கடலோரக் குப்பத்துல எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க இருக்காங்க. அவங்க வீட்டுக்காரருக்குக் காசநோய். சளியில கிருமி இருக்குன்னு தெரிஞ்சதும், ஏழு வயசுப் பையனுக்குக் கையில ட்யூபர்குலின் ஊசி போட்டுப் பார்த்தாங்க. மூணாம் நாள் அந்த இடம் தடிச்சுப் போயிருந்தது. "பிசிஜி போட்டதாலயும் இப்படித் தடிக்கலாம், உள்ளே கிருமி இருந்தாலும் தடிக்கலாம்"னு டாக்டர் சொல்ல, அக்கா என்னைப் பார்த்துக் கேட்டாங்க: "பொறந்தப்பவே ஊசி போட்டாச்சேப்பா, அப்புறம் எப்படி?"

இந்தக் கேள்வியை நம்ம செங்கல்பட்டு மாவட்டம் 1968-லயே கேட்டிருக்கு. அன்றைய மாவட்டம் ரொம்பப் பெரிசு. இன்றைய திருவள்ளூரும் அதுக்குள்ளதான். ஆய்வு பெரும்பாலும் அந்தப் பக்கம் நடந்தது. 2.8 லட்சம் பேருக்கு மேல பிசிஜியோ, மருந்தில்லாத வெறும் ஊசியோ போட்டு, 15 வருஷம் தொடர்ந்து கவனிச்சாங்க. முடிவு உலகத்தையே அதிர வச்சது: பெரியவங்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு கிடைக்கல. குழந்தைகளுக்கு மட்டும் கொஞ்சம்.

அதுக்காகப் பிசிஜி வீண்னு நினைச்சிடாதீங்க. பச்சைக் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் மாதிரியான கொடிய காசநோயிலிருந்து அது காப்பாத்துது. அதனாலதான் இன்னிக்கும் பிறந்ததும் போடுறோம்.

சரி, பையனோட கைத் தடிப்புக்கு வருவோம். ட்யூபர்குலின்ங்கிறது கிருமியோட பல புரதங்களின் கலவை. அதுல பல புரதங்கள் பிசிஜியிலும் இருக்கு. அதான் குழப்பம். பிரான்ஸ்ல கால்மெட்டும் கெரானும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 தொடங்கி 13 வருஷம் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைச்சாங்க. அப்படி வளர்த்தப்போ அதோட மரபணுவுல ஒரு துண்டு உதிர்ந்துபோச்சு. ஈசாட்-6ங்கிற சின்னப் புரதத்துக்கான குறிப்பு அந்தத் துண்டுலதான் இருந்தது. நம்ம நோய் எதிர்ப்புச் செல்லு கிருமியை விழுங்கி ஒரு பைக்குள்ள அடைச்சு வைக்கும். அந்தப் பையைக் கிழிச்சு வெளியே வரக் கிருமிக்கு உதவுறது இந்தப் புரதம். அதே சமயம் நம்ம டி செல்கள் இதைச் சட்டுன்னு அடையாளமும் கண்டுக்கும்.

செங்கல்பட்டு முடிவுக்கு இந்தப் புரதம் இல்லாததுதான் காரணம்னு சொல்லிட முடியாது. மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கிற காசநோய்க் கிருமியோட ஒண்ணுவிட்ட சொந்தங்கள் நம்ம உடம்பை முன்னாடியே பழக்கிவச்சதும் ஒரு காரணமா இருக்கலாம்ங்கிறாங்க.

ஆனா பிசிஜியில இல்லாததே பரிசோதனைக்கு வரமாப் போச்சு. ஈசாட்-6-ஐயும் அதோட ஜோடிப் புரதத்தையும் ரத்தத்துல கலந்து பார்க்கிறாங்க. டி செல்கள் பதில் சொன்னா, அது பிசிஜியோட வேலை இல்ல. இதே புரதங்களை வச்ச சை-டிபிங்கிற தோல் பரிசோதனைக்கு 2022-ல, 18 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு, இந்தியாவுல அனுமதி கிடைச்சது. புதுத் தடுப்பூசியில ஈசாட்-6-ஐச் சேர்த்தா என்ன ஆகும்? பரிசோதனை மறுபடியும் குழம்பிடும். இப்போ பெரிய அளவுல சோதனையில இருக்கிற எம்72 தடுப்பூசியில வேற ரெண்டு புரதங்கள்தான் இருக்கு.

பையனோட ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ். எக்ஸ்ரே சுத்தம், இருமல், காய்ச்சல் எதுவும் இல்ல. அதாவது கிருமி உள்ளே தூங்குது, நோய் இல்ல. அது முழிக்காம இருக்க ஆறு மாசம் மாத்திரை. அக்கா காலண்டர்ல தினமும் ஒரு கோடு போடுறாங்க.

உங்க வீட்டுல யாருக்காவது காசநோய்னா, தோள்ல இருக்கிற தழும்பை நம்பி உட்கார்ந்திடாதீங்க. எல்லாரும் பரிசோதனை பண்ணிக்கோங்க. அடுத்த பகுதியில சந்திப்போம்.