கவ்வாத்தும் காயமும்

ஹேவாஹெட்ட மலைச்சரிவிலே கவ்வாத்து முடிந்த தேயிலை மலையை முதன்முறை காண்போர், இனி இச்செடிகள் பிழைக்குமா என்று ஐயுறுவர். இலையின்றிக் கொப்புகள் மட்டும் நிற்கும். வாரங்கள் சில சென்றதும் அக்கொப்புகளிலே தளிர் அரும்பும். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இப்பகுதியதே. ஆகவே, இங்குள்ளோருக்கு இக்காட்சி புதிதன்று.

செடி தழைப்பதற்கு வேரிற் சேர்ந்திருக்கும் மாப்பொருள் உணவாகிறது. ஆனால் உணவு மட்டும் போதாது. நுனிமொட்டிலிருந்து இறங்கும் ஒட்சின் என்னும் பொருள் கீழுள்ள மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனி வெட்டுண்டதும் அத்தடை நீங்க, உறங்கிய மொட்டுகள் விழிக்கின்றன. வளர்வதற்குக் கட்டளையும் வேண்டும்.

மனித உடலிலும் அத்தகைய கட்டளைகள் உண்டு. அமெரிக்க அறிஞர் ஸ்ரான்லி கோகன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஏற்றினார். இரு வாரமளவில் திறக்கவேண்டிய கண்ணிமைகள் ஒரு வாரத்திலேயே திறந்தன. 1962 இல் அவர் வெளியிட்ட அப்புரதமே மேற்றோல் வளர்ச்சிக் காரணி. அடிபட்ட நாய் தன் புண்ணை நக்குவதை இவ்விடத்தில் நினைக்கத் தோன்றும். இத்துறை ஆய்வுக்காக 1986 இல் ரீற்றா லெவி மொண்டல்சினியுடன் அவர் நோபல் பரிசு பெற்றார்.

மனிதரிடத்தும் இப்புரதம் உண்டு. 53 அமினோ அமிலங்களே கொண்ட சிறு சங்கிலி அது. ஆயினும் உடலிலிருந்து பிரித்தெடுக்கக் கிடைக்கும் அளவோ மிக அற்பம். ஆதலால், அதற்குரிய மனிதப் பரம்பரையலகைப் பற்றீரியாவிலோ மதுவத்திலோ புகுத்தி, அந்நுண்ணுயிர்களைக் கொண்டே அதனை ஆக்குவிக்கின்றனர். பற்றீரியாவினுள் அச்சங்கிலி சில வேளை முறையாக மடியாது திரண்டு கிடக்கும். அதைக் கரைத்து மீள மடிக்கவேண்டும். மூன்று கந்தகப் பிணைப்புகளும் உரிய இடத்தில் அமையாவிடில் கலங்கள் அதனை அடையாளங் காணமாட்டா.

ஆய்வுகூடத்தில், ஒரு மில்லிலீற்றர் வளர்ப்பூடகத்துக்கு ஏறத்தாழப் பத்து நனோகிராம், அதாவது ஒரு கிராமின் பத்துக் கோடியில் ஒரு பங்கு, இட்டாலே பல வகைக் கலங்கள் பெருகத் தொடங்கும். ஆய்வுக்கென விற்கப்படும் அச்சிறு குப்பி மருந்தன்று. மருந்துக்குரிய தூய்மைச் சோதனைகளும் நோயாளரிடத்துச் செய்யும் பரிசோதனைகளும் அதற்கு நடந்திருப்பதில்லை. சில புற்றுநோய்களில் இதே கட்டளை அடங்காது ஒலித்துக்கொண்டிருப்பதால், அதனைத் தடுக்கும் மருந்துகளும் உள்ளன என்பதை மறக்கலாகாது.

மருந்தாக ஆக்கப்பட்டது வேறு. நீரிழிவினால் ஆறாத காற்புண்ணுக்கு, ஊசியாக ஏற்றும் மருந்தைக் கியூபா 2006 இல் ஏற்றுக்கொண்டது. இந்தியாவிலும் புண்ணிற் பூசும் களிம்பு தயாரிக்கப்பட்டது. கால் இழப்போர் தொகையைக் குறைப்பதே நோக்கம். அங்கும் அழுகிய தசையை அகற்றி, கிருமித்தொற்றை அடக்கி, காலுக்குக் குருதி செல்கிறதா எனப் பார்க்கவேண்டும். குருதியோட்டம் நின்ற பாதத்தில், கட்டளை பெற்ற கலத்துக்கும் உணவு கிடைப்பதில்லை.