ஓர் ஓவியமும் ஓர் உடன்படிக்கையும்

ஓவியத்தைப் பற்றி வானொலியில் பேசுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுவது போன்ற வேலை. காட்ட வேண்டியதையெல்லாம் சொல்லியே தீரவேண்டும். ஆகவே, மாணவ நேயர்களே, நான் சொல்லச் சொல்ல, ஒரு படத்தை உங்கள் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்.

ஆற்றங்கரையில் கிளை பரப்பி நிற்கிறது ஒரு பெரிய எல்ம் மரம். அதன் நிழலில் இரு கூட்டத்தார் கூடியிருக்கின்றனர். ஒரு புறம் பழுப்பு நிற அங்கியும் அகன்ற தொப்பியும் அணிந்த ஆங்கிலேயர். மறு புறம் தோலும் கம்பளியும் இறகும் அணிந்த அமெரிக்கப் பழங்குடி மக்கள். நடுவில் பருத்த உடலுடன் கைகளை விரித்து நிற்கும் பெரியவர் வில்லியம் பென். அவருக்கு முன்னே, வணிகர் ஒருவர் வெள்ளைத் துணிச் சுருள் ஒன்றை நீட்டுகிறார். ஓரத்தில் ஒரு தாய் தன் குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கிறாள். பின்னே கப்பல்கள் தெரிகின்றன. புதிய வீடுகள் எழுகின்றன. ஓங்கிய ஆயுதம் எங்கும் இல்லை.

இதுவே பெஞ்சமின் வெஸ்ட் என்னும் ஓவியர் 1771-72ஆம் ஆண்டுகளில் இலண்டனில் தீட்டிய புகழ்பெற்ற ஓவியம். சுமார் ஆறடி உயரமும் ஒன்பதடி அகலமும் உடையது. இன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில் இருக்கிறது. பென்சில்வேனியாவில் பிறந்து, இத்தாலியில் பயின்று, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் ஆதரவைப் பெற்றவர் வெஸ்ட்.

படம் சொல்லும் கதை யாது? குவேக்கர் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் பென்னுக்கு 1681இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் அமெரிக்காவில் பெருநிலம் ஒன்றை வழங்கினார். மன்னர் வழங்கிய நிலத்தில் லெனாப்பே மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர் என்பது மன்னருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பென்னுக்கு அது பொருட்டாக இருந்தது. அரசப் பட்டயம் கையில் இருந்தும், அந்நிலத்தை அம்மக்களிடம் விலை கொடுத்து வாங்கினார். அவர்களுடைய மொழியையும் கற்க முயன்றார். 1682இல் அவர் அமெரிக்கா வந்தடைந்தபின், டெலவேர் ஆற்றங்கரையில் சாக்கமாக்சன் என்னும் இடத்தில், தமனெந்த் என்னும் தலைவரோடும் அவருடைய மக்களோடும் நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. நில விற்பனைப் பத்திரங்கள் சில இன்றும் உள்ளன. ஆனால் அந்த மரத்தடி உடன்படிக்கைக்கு எழுத்து ஆவணம் ஏதும் கிடைக்கவில்லை.

ஆவணம் இல்லாத இடத்தில் ஓவியம் ஆவணமாகிவிட்டது. இங்கேதான் நாம் விழிப்போடு இருக்க வேண்டும். 1682இல் பென்னுக்கு வயது முப்பத்தெட்டு. படத்தில் இருப்பவரோ தளர்ந்து பருத்த முதியவர். அவரும் தோழர்களும் உடுத்தியிருப்பது அக்கால உடையன்று. ஏறத்தாழ நூறாண்டு பிற்பட்ட குவேக்கர் உடை. பின்னணியில் எழும் வீடுகளும் அந்நாளில் அங்கே இருந்தவையல்ல. போதாக்குறைக்குத் தம் தந்தையாரின் உருவத்தையும் கூட்டத்தில் ஒருவராக ஓவியர் சேர்த்துவிட்டார்!

இவற்றைக் கொண்டு வெஸ்டைப் பொய்யர் என்று கூறிவிட முடியாது. நடந்ததை நடந்தபடி காட்டுவது அன்றைய வரலாற்று ஓவியத்தின் நோக்கமன்று. நிகழ்ச்சியின் பெருமையைக் காட்டுவதே நோக்கம். அந்தப் பெருமை யாருடைய பெருமை என்பதுதான் கேள்வி. இதே ஓவியர் நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் தீட்டியிருக்கிறார். 1765இல் மொகலாயப் பேரரசர் ஷா ஆலம், வங்காளம், பீகார், ஒரிசா ஆகிய பகுதிகளில் வரி தண்டும் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அலகாபாத்தில் வழங்கினார். வெஸ்டின் படத்தில் உயர்ந்த அரியணையும் யானைகளும் மாடமாளிகையும் திகழ, பேரரசர் பத்திரத்தைக் கிளைவின் கையில் கொடுக்கிறார். உண்மையில் அது நடந்தது கிளைவின் கூடாரத்தில். உணவு மேசையின்மேல் நாற்காலி ஒன்றை ஏற்றித் துணி போர்த்ததே அன்றைய அரியணை. தோற்றவர் வேறு வழியின்றிக் கொடுத்ததை, மனமுவந்து அளித்த கொடையாகக் காட்டிவிட்டது தூரிகை. இந்தியாவை வெஸ்ட் கண்ணால் கண்டதுமில்லை.

சாக்கமாக்சனுக்குத் திரும்புவோம். அந்தப் படத்தைத் தீட்டச் சொல்லிப் பணம் கொடுத்தவர் யார்? வில்லியம் பென்னின் மகன் தாமஸ் பென். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தந்தை மறைந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப்பின், 1737இல், தாமஸும் அவருடைய சகோதரரும் 1686ஆம் ஆண்டுப் பத்திரம் என்று ஒன்றைக் காட்டி, ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடந்து செல்லக்கூடிய தொலைவுவரை உள்ள நிலம் தமக்கே உரியது என்றனர். நடப்பது என்றால் என்ன? வழியில் இளைப்பாறி, புகை குடித்து, உணவு சமைத்து உண்டு செல்லும் பயணம் என்றே லெனாப்பே மக்கள் கருதியிருந்தனர். பென் குடும்பத்தாரோ காட்டில் முன்கூட்டியே வழி வெட்டிவைத்தனர். விரைந்து செல்வதில் வல்ல மூவரைக் கூலிக்கு அமர்த்தினர். செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் விடியலில் மூவரும் புறப்பட்டனர். உடன் சென்ற லெனாப்பே மக்கள், இது நடையன்று, ஓட்டம் என்று முறையிட்டுப் பாதியிலேயே விலகினர். மூவரில் இருவர் வழியில் தளர்ந்து வீழ, எட்வர்ட் மார்ஷல் என்பவர் மட்டும் சுமார் 65 மைல் கடந்து நின்றார். அத்துடன் முடிந்ததா? அங்கிருந்து ஆற்றை நோக்கி நேரே கோடு இழுக்காமல், வடகிழக்காகச் சாய்த்து இழுத்தார்கள். பறிபோன நிலம் ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் ஏக்கர்!

வரலாற்றில் இதற்கு 'நடைக் கொள்முதல்' என்று பெயர். இதன் கசப்பு அடங்கவில்லை. 1755இல் லெனாப்பே மக்கள் எல்லைப்புறக் குடியேற்றங்களைத் தாக்கினர். மறு ஆண்டு ஈஸ்டன் நகரில் கூடிய பேச்சுவார்த்தையில் அவர்கள் தலைவர் தீடியுஸ்குங், தாம் நின்றுகொண்டிருந்த மண்ணே வஞ்சகத்தால் பறிக்கப்பட்டது என்று முழங்கினார். குடியேற்றச் சட்டமன்றமும் தாமஸ் பென்மீது குற்றம் சுமத்தியது. இவ்வளவுக்கும் பிறகுதான், தந்தையார் மரத்தடியில் துணி வழங்கும் காட்சியைத் தாமஸ் தீட்டச் சொன்னார். தந்தையின் நேர்மை மகனுக்குப் போர்வையாயிற்று என்றே நான் கருதுகிறேன்.

அதே குடும்பத்துக்காக வேறொரு வகை ஓவியமும் எழுதப்பட்டது. 1735இல் சுவீடனில் பிறந்த குஸ்டாவஸ் ஹெசேலியஸ், லப்பவின்சோ, டிஷ்கோஹன் என்னும் இரு லெனாப்பே தலைவர்களை எதிரே கண்டு தீட்டினார். லப்பவின்சோ நீலக் கம்பளி போர்த்திருக்கிறார். கழுத்தில் அணிலினத் தோற்பை தொங்குகிறது. நெற்றியில் ஆழ்ந்த சுருக்கங்கள். வெஸ்டின் கூட்டத்திலிருக்கும் அழகிய முகங்களைவிட இந்தக் கவலை தோய்ந்த முகமே எனக்கு மெய்யாகத் தோன்றுகிறது. இரண்டாண்டு கழித்து, நடைக் கொள்முதலை ஒப்புக்கொண்ட பத்திரத்தில் கைக்குறி இட்டவர்களில் இவரும் ஒருவர்.

ஆனால் ஊரெங்கும் பரவியது வெஸ்டின் படமே. 1775இல் அது செதுக்குப் படமாக அச்சேறியது. பிறகு பீங்கான் தட்டுகளிலும் திரைச்சீலைகளிலும் ஏறிற்று. எட்வர்ட் ஹிக்ஸ் என்னும் குவேக்கர் ஓவியர், சிங்கமும் ஆட்டுக்குட்டியும் கூடி வாழும் அமைதி அரசைப் பலமுறை தீட்டியபோது, பல படங்களின் ஓரத்தில் அந்த உடன்படிக்கைக் காட்சியையும் எழுதிச் சேர்த்தார். அந்தப் படங்களை அமெரிக்கர் வீட்டுச் சுவர்களில் மாட்டிக்கொண்டிருந்த நாட்களில், லெனாப்பே மக்கள் ஒஹையோ, இந்தியானா, கான்சஸ் என்று மேற்கு நோக்கித் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று அவர்களுள் பெரும்பகுதியினர் ஒக்லஹோமாவிலும் கனடாவின் ஒன்டேரியோவிலும் வாழ்கின்றனர். எல்ம் மரம் 1810ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்தது.

உடன்படிக்கையை லெனாப்பே மக்களும் ஒரு வகையில் வரைந்தே வைத்தனர். எழுத்துக்கு மாறாக அவர்கள் கையாண்டது, சிப்பியிலும் சங்கிலும் செய்த மணிகளைக் கோத்து நெய்யும் வாம்பம் என்னும் பட்டை. பென்னுக்கு அவர்கள் அளித்ததாக மரபு கூறும் பட்டை ஒன்றை, 1857இல் பென் குடும்பத்து வழித்தோன்றல் ஒருவர் பென்சில்வேனியா வரலாற்றுக் கழகத்துக்கு வழங்கினார். வெள்ளை மணிகளுக்கு நடுவே கருமணிகளால் ஆன இரண்டு மனித உருவங்கள். ஒருவர் தலையில் தொப்பி இருக்கிறது, மற்றவர் தலையில் இல்லை. அதில் துணிச் சுருளும் இல்லை, கப்பலும் இல்லை. கொடுப்பவரும் இல்லை, பெறுபவரும் இல்லை. இருவரும் கைகோத்து நிற்கிறார்கள்.