ஊஞ்சலுக்கு ஏற்ற மரம்



கொல்லையில் குழந்தைகளுக்கு ஊஞ்சல் அமைக்கும்போது, கையில் கிடைத்த மரத்தை நாம் நட்டுவிடலாகாது. மாவும் இலவும் மழையில் விரைவில் உளுத்துவிடும். தேக்கிலும் வைரம் பாய்ந்த உள்மரமே நெடுநாள் நிற்கும். வெளிர்நிறப் புறமரம் கறையானுக்கு இரையாகும். பனையிலோ முறை மாறும்: புறமே வைரம், உள்ளே சோறு.

நட்ட கால் முதலில் உளுப்பது மண்மட்டத்தில்தான். ஈரமும் காற்றும் அங்கே கூடுகின்றன. ஆகவே, சிமெண்டுக் கான்கிரீட்டில் பதித்த இரும்புப் பட்டையில் காலை முடுக்கி, மண்ணைத் தொடாமல் நிறுத்துவோம். குழந்தையின் எடையைத் தாங்கும் மேல்விட்டத்தில் பெருங்கணுவும் வெடிப்பும் இருத்தலாகாது.

ஆண்டுதோறும் மழைக்கு முன்னர்க் காலடியை உளியால் குத்திப் பார்ப்போம். மெத்தென்று இறங்கினால், அன்றே ஊஞ்சலைக் கழற்றுவோம். முறியும்வரை காத்திருத்தல் தகாது.