மிளகு தேடிப் போனவர்கள் கொண்டுவந்த மிளகாய்

கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் ஒருவரிடம், “மிளகாய் எந்த நாட்டுப் பொருள்?” என்று கேட்டுப் பாருங்கள். நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்!

அதன் தாய்வீடு மெக்சிகோ. அது வருவதற்கு முன் நம் முன்னோர் சமையலில் காரம் என்றால் மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். 1492-இல் மிளகு தேடிக் கப்பலேறிய கொலம்பஸ், கரீபியன் தீவுகளில் கண்டது மிளகாயை. போர்த்துகீசியர் 1510-இல் கோவாவையும் 1511-இல் மலாக்காவையும் பிடித்த பிறகு, அவர்கள் கப்பல்களில் அது ஆசியாவில் பரவியது. மிளகைப் போல் காரமான காய் என்பதால் நாம் ‘மிளகாய்’ என்றோம். மலாய்க்காரர் சொல்லும் ‘சிலி’ மெக்சிகோவின் பழைய நாவாட்டில் மொழிச் சொல். (சிலி நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

இப்போது கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் மரமூடி போட்ட ‘சோலுலா’ போன்ற மெக்சிகோ சாஸ்கள் கிடைக்கின்றன. இளைஞர்கள் விரும்பி வாங்குகிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது? மிளகாய், வினிகர், உப்பு, கொஞ்சம் மசாலை. தண்ணீர் போல் ஓடும். புளிப்பு எண்ணெய்த் திகட்டலை வெட்டுகிறது, காரம் பின்னால் வருகிறது.

காரம் ஒரு சுவையே அல்ல. சூட்டை உணரும் நரம்பை மிளகாயிலுள்ள கெப்சைசின் தூண்டிவிடுகிறது. வாய் வெந்துவிட்டதாக மூளை நம்பிவிடுகிறது. இந்த உணர்வியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கெப்சைசின் தண்ணீரில் கரையாது. காரம் ஏறினால் மோர்தான் கைகொடுக்கும்.

நான் சொல்ல வந்தது இதுதான். நம் வீட்டுப் பிள்ளைகள் பொரித்த கோழிக்குக் கவிழ்க்கும் கெட்டியான சில்லி சாஸில் சீனி நிறைய. எடை அதிகமுள்ள பொருளைத்தான் லேபிளில் முதலில் எழுத வேண்டும். சீனி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இந்நாட்டில் நீரிழிவு அதிகமுள்ள இனம் நாம் என்று தேசியச் சுகாதார ஆய்வுகள் சொல்கின்றன.

அதற்காக விலை கூடிய மெக்சிகோ போத்தலை வாங்கச் சொல்லவில்லை. பழுத்த மிளகாய், இரண்டு பல் பூண்டு, வினிகர், அளவாக உப்பு. வேகவைத்து அரைத்து வடிகட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரத்துக்குத் தாராளமாக வரும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை இன்னும் குறைத்துக்கொள்ளலாம்.